பொய் நியூட்ரான்களின் கதை

லண்டனுக்கும் நியூட்ரானுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா பெரும்பாலானவங்க சிலார்ட் கதையைத்தான் சொல்வாங்க. 1933 செப்டம்பர்ல ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் சவுதாம்ப்டன் ரோ-ல நடந்து போய்க்கிட்டிருந்த லியோ சிலார்ட், சிக்னல் மாறினதும் ரோட்டைக் கடக்கும்போது 'ஒரு நியூட்ரான் ரெண்டு நியூட்ரானை உண்டாக்கினா என்ன ஆகும்?'னு யோசிச்சாராம். தொடர்வினைங்கற எண்ணம் அங்கதான் பிறந்ததா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அணுகுண்டு பத்தின எல்லாப் புத்தகத்திலயும் இந்தக் கதை இருக்கும்.

நான் சொல்ல வர்றது இன்னொரு கதை. அதுவும் லண்டன்லதான் ஆரம்பிக்குது, நியூட்ரான் பத்தினதுதான். ஆனா இதுல குண்டு கிடையாது, வெற்றி விழாவும் கிடையாது. சொல்லப்போனா நடுவுல ஒரு பெரிய அவமானம் இருக்கு. அதனாலயே இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிள்ளுற மின்சாரம்

1946 மே மாசம். சவுத் கென்சிங்டன்ல இருக்கிற இம்பீரியல் காலேஜ்ல ஜார்ஜ் பேஜட் தாம்சன் இயற்பியல் பேராசிரியர். எலக்ட்ரானைக் கண்டுபிடிச்ச ஜே.ஜே. தாம்சனோட மகன். அப்பா எலக்ட்ரான் ஒரு துகள்னு காட்டி நோபல் வாங்கினார். மகன் அதே எலக்ட்ரான் அலை மாதிரியும் நடந்துக்கும்னு காட்டி 1937-ல நோபல் வாங்கினார். (நம்ம வீட்டுல அப்பா சொன்னதுக்கு மாத்திப் பேசினா பரிசா கிடைக்கும்? :)) போர்க்காலத்துல, அணுகுண்டு சாத்தியமான்னு ஆராய்ஞ்ச மாட் கமிட்டிக்குத் தலைவரா இருந்தவரும் இவர்தான்.

இந்தத் தாம்சனும், தென்னாப்பிரிக்காவுல பிறந்த மோசஸ் பிளாக்மேனும் சேர்ந்து ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாங்க. கார் டயர் மாதிரி ஒரு வளையக் குழாய். உள்ள டியூட்டீரியம் வாயு. அதுல பெரிய மின்னோட்டத்தைப் பாய்ச்சினா வாயு பிளாஸ்மாவா மாறி, தன்னைத் தானே நெருக்கிக்கும். நெருக்கத்துல சூடாகி அணுக்கள் இணைய ஆரம்பிக்கும். சூரியனை ஒரு குழாய்க்குள்ள அடைக்கற யோசனை. அரசாங்கம் உடனே அதை ரகசியம்னு பூட்டி வெச்சிடுச்சு.

தன்னைத் தானே எப்படி நெருக்கும்? ஒரே திசையில மின்சாரம் ஓடுற ரெண்டு கம்பிகள் ஒண்ணையொண்ணு இழுக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். பிளாஸ்மாவுல ஓடுற மின்னோட்டத்தை ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பிகளோட கட்டா நினைச்சுக்குங்க. எல்லாம் ஒண்ணையொண்ணு உள்பக்கமா இழுக்கும். இதுக்குப் பேரு 'பிஞ்ச்', அதாவது கிள்ளல். 1905-லயே ஆஸ்திரேலியாவுல பொல்லாக், பராக்ளோ-ன்னு ரெண்டு பேர் இதைக் கவனிச்சிருக்காங்க. இடிதாங்கியா வெச்சிருந்த ஒரு செப்புக் குழாய் மின்னல் பாய்ஞ்சதும் யாரோ கையால கசக்கின மாதிரி நசுங்கிக் கிடந்தது. மின்னல் ஓடினப்போ குழாய் தன்னைத் தானே கிள்ளிக்கிச்சுன்னு அவங்க விளக்கினாங்க.

இம்பீரியல்ல ஆலன் வேர், ஸ்டான்லி கசின்ஸ்ங்கற ரெண்டு பேர் 1947 வாக்குல சின்னக் கண்ணாடி வளையம், கெப்பாசிட்டர் எல்லாம் வெச்சு இதைச் செஞ்சு பார்க்க ஆரம்பிச்சாங்க. கிள்ளல் நடந்தது. ஆனா நிக்கல. மைக்ரோ செகண்டுகள்ல பிளாஸ்மா பாம்பு மாதிரி நெளிஞ்சு சுவரைத் தொட்டுடும். 1950-ல ஹார்வெல்ல வேலை பார்த்த கிளாஸ் ஃபுக்ஸ் சோவியத் உளவாளின்னு பிடிபட்டதும் எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. காலேஜ்ல, பசங்க நடமாடுற இடத்துல இந்த ஆராய்ச்சி வேண்டாம்னு 1951-ல தாம்சன் குழுவை ஆல்டர்மாஸ்டன்ல இருந்த ஏ.இ.ஐ. கம்பெனி ஆய்வகத்துக்கும், ஆக்ஸ்ஃபோர்டுல இதே வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்த பீட்டர் தோன்மன் குழுவை ஹார்வெல்லுக்கும் அனுப்பிட்டாங்க.

எச்சரிக்கையும் ஆசையும்

1955 ஆகஸ்ட்ல ஜெனீவா 'அமைதிக்கான அணு' மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர் நம்ம ஹோமி பாபா. அங்க அவர், அணு இணைவுச் சக்தியைக் கட்டுப்பாட்டோட வெளிக்கொண்டு வர்ற வழி இருபது வருஷத்துக்குள்ள கிடைச்சுடும்னு துணிஞ்சு சொன்னார். அதுவரைக்கும் எல்லா நாடும் ரகசியமா செஞ்சுக்கிட்டிருந்த விஷயத்தை ஒரு இந்தியர் மேடையில போட்டு உடைச்சது பெரிய பரபரப்பு. (இருபது வருஷம் இப்போ எழுபதைத் தாண்டிடுச்சு. அது வேற விஷயம்.)

அடுத்த வருஷம், 1956 ஏப்ரல்ல, குருஷ்சேவோட இங்கிலாந்து வந்த சோவியத் அணு விஞ்ஞானி இகோர் குர்ச்சாத்தவ் நேரா ஹார்வெல்லுக்கே போய் ஒரு சொற்பொழிவு கொடுத்தார். எங்க நாட்டுலயும் பிஞ்ச் செய்யறோம், டியூட்டீரியத்துல நியூட்ரானும் வருதுன்னு சொல்லிட்டு, அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் முக்கியம். நியூட்ரான் வந்ததாலேயே வெப்பத்தால இணைவு நடந்துடுச்சுன்னு நம்பிடாதீங்க, வேற வழியிலயும் வரலாம்னார்.

அது என்ன வேற வழி? இதைப் புரிஞ்சுக்கிட்டாதான் மீதிக் கதை புரியும். அதனால பொறுமையா வாங்க.

கிள்ளப்பட்ட பிளாஸ்மாத் தூண் ஒரே பருமனா நிக்காது. எங்கயாவது லேசா இளைச்சா, அங்க காந்தப்புலம் கூடும். கூடினா இன்னும் இளைக்கும். நீள பலூனை நடுவுல நடுவுல பிடிச்சு முறுக்கினா வர்ற மாதிரி கழுத்து விழும். அந்தக் கழுத்து சட்டுனு அறுபடற நேரத்துல ரொம்பப் பெரிய மின்புலம் உண்டாகி, கொஞ்சம் டியூட்டீரிய அணுக்கருக்களைப் பிடிச்சு எறியும். அவை பக்கத்துல சும்மா இருக்கிற டியூட்டீரியத்து மேல போய் மோதி நியூட்ரானை உண்டாக்கும். அதாவது அடுப்பு மொத்தமும் கொதிக்கல. யாரோ நாலு கல்லை எடுத்து வீசியிருக்காங்க, அவ்வளவுதான். வெளிய வர்றது என்னவோ அதே 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் வாக்குல இருக்கிற அசல் நியூட்ரான். ஆனா அதை வெச்சு 'சூரியனைச் செஞ்சுட்டேன்'னு சொன்னா பொய். அதனாலதான் 'பொய் நியூட்ரான்'ங்கற பேர்.

ஸீட்டா: நாலு மாசப் புகழ்

1957 ஆகஸ்ட்ல ஹார்வெல்ல ஸீட்டா ஓட ஆரம்பிச்சது. மூணு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் குழாய் அகலம், ரெண்டு லட்சம் ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம். மாசக் கடைசிக்குள்ளயே நியூட்ரான் வந்துடுச்சு. துடிப்புக்குப் பத்து லட்சம் வாக்குல. அக்டோபர்ல ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவினதால, நம்மகிட்டயும் ஒண்ணு இருக்குன்னு காட்ட பிரிட்டன் துடிச்சுக்கிட்டிருந்த நேரம் அது. 1958 ஜனவரி கடைசியில அறிவிப்பு வந்தது. ஐம்பது லட்சம் டிகிரி எட்டியிருக்கோம்னாங்க. கட்டுரையில எச்சரிக்கையாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா பத்திரிகையாளர் கூட்டத்துல, இந்த நியூட்ரான் நிஜமான இணைவுலேர்ந்துதான் வருதான்னு குடைஞ்சு கேட்டப்போ, ஹார்வெல் தலைவர் ஜான் காக்ராஃப்ட் 90 சதவீதம் உறுதின்னு சொல்லிட்டார். மறுநாள் பேப்பர்ல அந்தப் பத்து சதவீதம் காணாமப் போச்சு. கடல் தண்ணியில கரண்ட், இனி நிலக்கரியே வேண்டாம்னு ஒரே கொண்டாட்டம்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார். பேசில் ரோஸ். எதிரி நாட்டு ஆள் இல்ல, அதே ஹார்வெல்ல வேலை பார்த்தவர். அவரும் அவரோட கூட்டாளிகளும் ஒரு மேகக்கூண்டை வெச்சு, நியூட்ரான்களோட ஆற்றலை வெவ்வேறு திசையிலேர்ந்து அளந்தாங்க. நிஜமாவே கொதிக்கிற பிளாஸ்மாவா இருந்தா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வரணும். யாரோ ஒரு திசையில கல் வீசியிருந்தா, வீசின பக்கம் வர்ற நியூட்ரானுக்கு வேகம் கூட இருக்கும், எதிர்ப்பக்கம் குறைச்சலா இருக்கும். அளந்தா வித்தியாசம் தெளிவாத் தெரிஞ்சது. குர்ச்சாத்தவ் ரெண்டு வருஷம் முன்னாடி அதே வளாகத்துல நின்னு சொன்னதுதான் நடந்திருந்தது. 1958 மே மாசம் ஹார்வெல் தன் அறிவிப்பைத் திருப்பி வாங்கிக்கிச்சு.

அவமானம்தான். ஆனா இதையும் சொல்லணும். தன் நிறுவனமே ஊர் பூரா தம்பட்டம் அடிச்ச விஷயத்தை, தன் நிறுவனத்துக்குள்ள உக்காந்தே அளந்து 'இல்ல'ன்னு சொல்ல முடிஞ்சது பாருங்க, அது எல்லா இடத்துலயும் நடக்கற காரியம் இல்ல. இன்னொண்ணு, பிளாஸ்மாவை ஒழுங்கா அளக்கறது எப்படிங்கற பாடத்தை இங்கிலாந்துக்காரங்க இந்த அடியிலதான் கத்துக்கிட்டாங்க. 1968-ல ரஷ்யர்கள் தங்களோட டோகமாக் நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னப்போ யாரும் நம்பல. அப்போ லேசரோட மாஸ்கோ போய் அளந்து, அவங்க சொன்னது சரின்னு உலகத்துக்குச் சான்று கொடுத்தது பிரிட்டிஷ் குழுதான்.

விளக்கா மாறின தோல்வி

சரி, பொய் நியூட்ரானை என்ன செய்யறது? குப்பையா?

இதுக்குப் பதில் தேட இன்னும் பின்னாடி போகணும். 1932-ல கேம்பிரிட்ஜ்ல சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிச்ச கொஞ்ச வருஷத்துலயே, பெர்லின்ல ஹார்ட்மட் கால்மன், எர்ன்ஸ்ட் குன்-ங்கற ரெண்டு பேர் நியூட்ரானால போட்டோ எடுக்க முடியும்னு காட்டினாங்க. எக்ஸ்ரே எலக்ட்ரான்களைப் பார்க்கும். அதனால ஈயம், இரும்பு மாதிரி கனமானதுல தடுமாறும், தண்ணி, பிளாஸ்டிக்கைக் கண்டுக்காமப் போயிடும். நியூட்ரானுக்கு எல்லாம் தலைகீழ். ஈயத்தைச் சுலபமா கடந்துடும், ஹைட்ரஜனைப் பார்த்தா நின்னுடும். ஈயப் பெட்டிக்குள்ள ஒரு மல்லிப்பூவை வெச்சா எக்ஸ்ரேக்குப் பெட்டிதான் தெரியும், நியூட்ரானுக்குப் பூ தெரியும்.

அந்த முதல் படங்களுக்கு கால்மன் குழு ரேடியம்-பெரிலியத்தோட பயன்படுத்தின இன்னொரு மூலம் ஒரு சின்ன முடுக்கி. அயனிகளை எறிஞ்சு ஒரு இலக்குல மோத விட்டு நியூட்ரான் எடுக்கற கருவி. கவனிச்சீங்களா? அதேதான்! கல் வீசறது! ஸீட்டாவுல எது பொய்யோ அதுதான் பெர்லின்ல விளக்கு. படம் எடுக்கறவனுக்கு நியூட்ரான் எப்படிப் பிறந்ததுங்கற ஜாதகம் தேவையில்ல; எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம்ங்கறதுதான் தேவை.

ஆக, கழுத்து அறுபடறதைத் தடுக்கப் போராடறதுக்குப் பதிலா, அதை வேணும்னே நடக்க விட்டா? அப்படி உருவானதுதான் 'பிளாஸ்மா ஃபோகஸ்'. சோவியத்துல ஃபிலிப்போவ், அமெரிக்காவுல லாஸ் அலமாஸ்ல மேதர் ரெண்டு பேரும் தனித்தனியா இதை அடைஞ்சாங்க. நடுவுல ஒரு தண்டு, சுத்தி கம்பிகள், உள்ள கொஞ்சம் டியூட்டீரியம், பின்னாடி கெப்பாசிட்டர். ஸ்விட்சைப் போட்டா ஒரு பிளாஸ்மாத் திரை தண்டு நெடுக ஓடி, நுனிக்கு வந்து உள்ள விழுந்து கிள்ளும். பத்து, இருபது நானோ செகண்டுல நியூட்ரான் தெறிக்கும். முடிஞ்சது. கரண்டை நிறுத்தினா நியூட்ரானும் நின்னுடும். கலிஃபோர்னியம்-252 மாதிரி கதிரியக்க மூலம்னா, அலமாரியில பூட்டி வெச்சாலும் ராத்திரி பகலா உமிழ்ந்துக்கிட்டேதான் இருக்கும்.

மூணு கிலோஜூல் ஜனநாயகம்

இம்பீரியல் காலேஜுக்கு இந்தக் கதையில இன்னொரு நூல் இருக்கு. 1957-லேர்ந்து அங்க பேராசிரியரா இருந்த அப்துஸ் சலாம், ஏழை நாட்டு விஞ்ஞானிகள் தனிச்சுப் போயிடக் கூடாதுன்னு 1964-ல இத்தாலியில ட்ரியெஸ்ட்ல ஐ.சி.டி.பி. மையத்தை ஆரம்பிச்சார். அந்த மையமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் கைகொடுக்க, 1980-களின் நடுவுல கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்துல சிங் லீ ஒரு வேலை செஞ்சார். இந்தியா, பாகிஸ்தான், எகிப்து மாதிரி நாடுகள்லேர்ந்து ஆட்களைக் கூப்பிட்டு, மூணு கிலோஜூல் பிளாஸ்மா ஃபோகஸ் ஒண்ணை அவங்க கையாலேயே கட்ட வெச்சு, ஊருக்குக் கொண்டு போகச் சொன்னார். 30 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணே ஒண்ணு, 15,000 வோல்ட். கணக்குப் போட்டா சுமார் 3,400 ஜூல் வரும். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கக்கூட இது பத்தாது! ஆனா அதுலேர்ந்து ஒரு துடிப்புக்கு 10 கோடி நியூட்ரான் வரைக்கும் வரும். ஸீட்டா கொடுத்ததைவிட நூறு மடங்கு!

டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் அப்படி ஒரு கருவி வந்தது. பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்துல அதுக்கு முன்னாடி, 1970-களிலேயே பிளாஸ்மா ஃபோகஸ் நியூட்ரான் ஆராய்ச்சி நடந்திருக்கு. அர்ஜென்டினாவுல ஒரு குழு, ஐந்து கிலோஜூலுக்கும் குறைஞ்ச கருவியை வெச்சு உலோகத்துக்கு உள்ள படம் எடுக்கவும், அதே கருவியோட நியூட்ரானால தண்ணி இருக்கான்னு கண்டுபிடிக்கவும் முடியும்னு காட்டினாங்க. போலந்து வார்சாவுல இருக்கிற பி.எஃப்.-1000 பெரிய அண்ணன்; துடிப்புக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல.

கல்பாக்கத்துப் பக்கம் கொஞ்சம்

நியூட்ரான் படம்னா நம்ம ஊரை விட்டுட்டுப் பேச முடியாது. சென்னையிலேர்ந்து மாமல்லபுரம் தாண்டினா கல்பாக்கம். அங்க இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல காமினின்னு ஒரு குட்டி உலை. 'கல்பாக்கம் மினி'ங்கறதோட சுருக்கம்தான் காமினி. பேர் வெச்சவருக்கு ரசனை இருந்திருக்கு :) வெறும் 30 கிலோவாட். தோரியத்துலேர்ந்து கிடைக்கிற யுரேனியம்-233 அதுக்கு எரிபொருள். 1996 அக்டோபர் 29 அன்னிக்கு முதல் தொடர்வினை. இது மின்சாரம் எடுக்கக் கட்டினது இல்ல, முக்கியமா படம் எடுக்கத்தான். இஸ்ரோ ராக்கெட்டுல அடுக்குகளைப் பிரிக்கற வெடிச் சாதனங்களுக்குள்ள மருந்து இடைவெளி இல்லாம நிரம்பியிருக்கான்னு நியூட்ரானை வெச்சுதான் பார்ப்பாங்க. உலோக உறைக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் நிறைஞ்ச வெடிமருந்து எக்ஸ்ரேக்கு மங்கலாத்தான் தெரியும். ஒரு சின்ன இடைவெளி இருந்தா மொத்த ராக்கெட்டும் போச்சு இல்லையா?

அப்போ எல்லாத்துக்கும் காமினி போதுமே, பிளாஸ்மா எதுக்கு? ஏன்னா உலையை லாரியில ஏத்த முடியாது. ராக்கெட் பாகத்தை உலைக்குக் கொண்டு வரலாம். விமான இறக்கையையோ, பாலத்தையோ, கோயில்ல இருக்கிற பஞ்சலோக மூர்த்தியையோ கொண்டு வர முடியுமா? விளக்குதான் அங்க போகணும்.

இங்க நேர்மையா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். 10 கோடி நியூட்ரான் எல்லாத் திசையிலயும் சிதறும். ஒரு மீட்டர் தள்ளி நின்னா, அந்தக் கோளப் பரப்பு சுமார் 1,25,000 சதுர செ.மீ. வகுத்தா ஒரு சதுர செ.மீ.க்கு 800 நியூட்ரான். அவ்ளோதான்! அதையும் மெழுகு, பிளாஸ்டிக் வழியா விட்டு வேகம் குறைச்சா இன்னும் எவ்வளவோ குறையும். தெளிவான படத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மின்னோட்டத்தை ரெண்டு மடங்காக்கினா நியூட்ரான் சுமார் பதினாறு மடங்காகும்ங்கற விதி ஆசை காட்டும். ஆனா கெப்பாசிட்டரை ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல மின்னோட்டமே ஏற மாட்டேங்குதுன்னு அதே சிங் லீ பின்னாடி கணக்குப் போட்டுக் காட்டினார். கூடவே ஒரு துடிப்பு மாதிரி அடுத்த துடிப்பு இருக்காதுங்கற தலைவலி.

ஆனா உலைக்கு இல்லாத ஒரு வசதி இதுக்கு உண்டு: நேரம். அந்த ஒரே துடிப்புல எக்ஸ்ரேயும் வரும், நியூட்ரானும் வரும். பத்து மீட்டர் தள்ளி உணரியை வெச்சா எக்ஸ்ரே 33 நானோ செகண்டுல வந்துடும்; நியூட்ரான் ஆடி அசைஞ்சு 460 நானோ செகண்டுல வரும். ஒரே கருவி, ஒரே வெடிப்பு, ரெண்டு விதமான படம். உலோகத்தைக் காட்ட ஒண்ணு, உள்ள இருக்கிற ஈரத்தைக் காட்ட இன்னொண்ணு.

கடைசியா

வேர், கசின்ஸ் கண்ணாடி வளையம் மின்னின அதே இம்பீரியல்ல, 1990-கள்ல மால்கம் ஹெய்ன்ஸ் தலைமையில மேக்பைன்னு ஒரு பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல பாய்ச்சற துடிப்புக் கருவியைக் கட்டினாங்க. ரகசியம்னு வெளிய அனுப்பின கிள்ளல், வாசல் வழியாவே திரும்பி வந்துடுச்சு. அமெரிக்காவுல ஸாப் எனர்ஜிங்கற கம்பெனி அதே பிஞ்சை வேற உத்தியில நிலைப்படுத்தி நியூட்ரான் எடுத்தப்போ, அவங்க செஞ்ச முக்கியமான சோதனைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? வெவ்வேறு திசையில நியூட்ரான் ஆற்றலை அளந்து பார்த்தது. பேசில் ரோஸ் போட்ட கேள்வித்தாள் இன்னும் மாறல.

எனக்கு இதுல படறது இதுதான். 1958-ல உலகம் கேட்ட கேள்வி 'இது சூரியனா?'. அதுக்குப் பதில் 'இல்ல'. அந்தப் பதிலோட எல்லாரும் எழுந்து போயிருந்தா, கோலாலம்பூர்லயும் டெல்லியிலயும் ஒரு கெப்பாசிட்டரை வெச்சு அணு இணைவைக் கண்ணால பார்த்த அத்தனை மாணவர்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைச்சிருக்காது. யாரோ சிலர் உக்காந்து ரெண்டாவது கேள்வியைக் கேட்டாங்க: 'சரி, சூரியன் இல்ல, கைவிளக்காவாவது ஆகுமா?' அதுக்குப் பதில் இன்னும் முழுசா வரல. மங்கலா எரியற விளக்குதான். ஆனா ரோஸ் அந்த 'இல்ல'வை ஒளிச்சு வெச்சிருந்தா, இந்த ரெண்டாவது கேள்வியே பிறந்திருக்காது.

கல்பாக்கம் பக்கம் வேலை பார்க்கறவங்க, பிளாஸ்மா ஃபோகஸ்ல கை வெச்சவங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல ரெண்டு வரி எழுதுங்க. அந்த 'டப்'ங்கற சத்தம் நேர்ல எப்படி இருக்கும்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஆசை.